பெயரைப் பறிகொடுத்த மோட்டார் மேதை

அசல் எது, நகல் எது? கோர்ட்டு ஏறிய பந்தயக் கார்

ஒரு மனிதர் சொந்த மூளையைக் கசக்கி ஒரு புதிய காரை உருவாக்குகிறார். அந்தக் காருக்குத் தன் பெயரை வைக்க ஆசைப்படுகிறார். வைக்கக்கூடாது என்று தடை விழுகிறது. காரணம், அவருடைய பெயர் அவருக்குச் சொந்தம் அல்ல! பல ஆண்டுகளுக்கு முன்பே அதை வேறு ஒரு கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது.

இப்படியும் நடக்குமா? நடந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயத்தில் இங்கிலாந்தில் நடந்தது. அந்த மனிதர்தான் வால்டர் ஓவன் பென்ட்லி.

பென்ட்லி கார் என்றால் பெரும் பணக்காரர்களின் கார். அதிலும் பென்ட்லி தன் கையால் உருவாக்கிய காலத்துப் பந்தயக் கார் என்றால் விலையே தனி. அதற்குக் கோடி கோடியாகக் கொட்டிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பணம் புழங்கும் இடத்தில் போலியும் புழங்கும் அல்லவா? ஆகவே பழைய பென்ட்லி ஒன்று விலைக்கு வந்தால், இது அசலா, நகலா என்ற கேள்விதான் முதலில் எழும். அந்தக் கேள்வி ஒரு முறை லண்டன் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. அந்த வழக்கைச் சொல்லும் முன், பென்ட்லியின் கதையைச் சொல்லவேண்டும்.

கரி அள்ளிய கை

1888-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி பென்ட்லி லண்டனில் பிறந்தார். வசதியான குடும்பம். ஒன்பது குழந்தைகளில் இவர்தான் கடைக்குட்டி. நண்பர்கள் யாரும் இவரை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது இல்லை. முதல் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்து டபிள்யூ. ஓ. என்றுதான் அழைப்பார்கள்.

சிறு வயதிலேயே அவருக்கு ரெயில் என்ஜின் மீது தீராத மோகம். 16 வயதில் படிப்பை விட்டார். டான்காஸ்டர் என்ற ஊரில் இருந்த ரெயில்வே தொழிற்சாலையில் தொழில் பழகச் சேர்ந்தார். 5 வருடப் பயிற்சி. அதற்குக் கட்டணம் 75 பவுன். (பவுன் என்பது இங்கிலாந்து நாட்டுப் பணம்.)

பட்டறையில் கை பழகிய பிறகு, ஓடும் என்ஜினில் கரி அள்ளிப் போடும் வேலை கிடைத்தது. லண்டனில் இருந்து லீட்ஸ் நகரம் போய்த் திரும்பினால் 400 மைல். அந்த ஒரு நாள் ஓட்டத்துக்கு ஏறக்குறைய 7 டன் நிலக்கரியை அடுப்பில் வாரிப் போடவேண்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை அதையும் முகம் சுளிக்காமல் செய்தார். பிற்காலத்தில் அவர் செய்த கார்கள் ரெயில் என்ஜினைப் போல் கனமாகவும் உறுதியாகவும் இருந்தன என்றால், அதற்கு வித்து இங்கேதான் விழுந்தது.

1910-ம் ஆண்டு ரெயில்வேயை விட்டார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஓடினார். பிறகு லண்டனில் ஒரு வாடகைக் கார் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே 250 கார்கள். அவற்றைப் பழுது பார்ப்பதும் கணக்குப் பார்ப்பதும் அவருடைய பொறுப்பு. மீட்டருக்குச் சூடு வைக்கும் வித்தை அந்தக் காலத்து லண்டன் டிரைவர்களுக்கும் அத்துப்படி! அவர்களுடைய தந்திரங்களைக் கண்டு பென்ட்லி எரிச்சல் அடையவில்லை. இவ்வளவு மூளையா என்று வியந்து போனார்.

மேஜை மீது கிடந்த அதிர்ஷ்டம்

1912-ம் ஆண்டு பென்ட்லியும் அவருடைய அண்ணனும் சேர்ந்து, பிரான்சு நாட்டில் தயாரான டி. எப். பி. என்ற காரை இங்கிலாந்தில் விற்கத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு பென்ட்லி பிரான்சுக்குப் போய் அந்தத் தொழிற்சாலையைப் பார்த்தார். அங்கே ஒரு மேஜையில், காகிதம் பறக்காமல் இருக்க ஒரு சின்னப் பொருளை வைத்திருந்தார்கள். அது பிஸ்டன் வடிவத்தில் இருந்தது. அலுமினியத்தில் செய்தது.

என்ஜினுக்குள் மேலும் கீழும் ஓயாமல் ஓடும் பகுதிதான் பிஸ்டன். அப்பொழுதெல்லாம் அதை இரும்பில் செய்வார்கள். இரும்பு கனம். கனமான பொருள் வேகமாக ஏறி இறங்க முடியாது. அலுமினியம் எடை குறைவு. சூட்டையும் சீக்கிரம் கடத்திவிடும். ஆனால் அது உருகிவிடும், உடைந்துவிடும் என்று எல்லாரும் பயந்தார்கள்.

பென்ட்லி பயப்படவில்லை. 88 பங்கு அலுமினியத்துடன் 12 பங்கு செம்பைக் கலந்து பிஸ்டன் செய்யச் சொன்னார். அதை டி. எப். பி. காரில் பொருத்தி ஓட்டினார். சாதாரணக் கார் பந்தயத் திடலில் சாதனைகளை முறியடித்தது. மற்றவர்கள் எப்படி என்று புரியாமல் விழித்தார்கள். பென்ட்லி ரகசியத்தை வெளியிடவில்லை.

1914-ம் ஆண்டு முதல் உலகப்போர் வந்தது. நாட்டுக்கு ஆபத்து என்றதும் பென்ட்லி தன் ரகசியத்தைக் கடற்படையிடம் சொன்னார். விமான என்ஜின் செய்யும் கம்பெனிகளுக்குப் போய் இதைச் சொல்லிக் கொடுக்கும்படி கடற்படை அவரை அனுப்பியது. அவர் போன இடங்களில் ஒன்று ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி. வாசகர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளவேண்டும். பின்னால் மறுபடியும் வரும்.

போர் விமானங்களுக்குப் பென்ட்லி புதிய என்ஜினும் செய்து கொடுத்தார். அது விமானத்தின் விசிறியோடு சேர்ந்து தானும் சுழலும் ரகம். சோப்வித் கேமல் என்ற புகழ்பெற்ற போர் விமானத்தில் அது பொருத்தப்பட்டது. அதற்காகப் பின்னர் அரசாங்கம் அவருக்கு 8 ஆயிரம் பவுன் பரிசு அளித்தது.

போர் முடிந்த மறு ஆண்டு, 1919-ல், அவர் தன் சொந்தக் கார் கம்பெனியைத் தொடங்கினார். அதே ஆண்டில் அவருடைய மனைவி விஷக் காய்ச்சலில் இறந்து போனார். திருமணமாகி ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன.

24 மணி நேரப் பந்தயம்

லண்டனில் ஒரு சந்துக்குள் இருந்த கொட்டகையில் முதல் பென்ட்லி என்ஜின் உறுமியது. பின்னர் கிரிக்கிள்வுட் என்ற பகுதியில் தொழிற்சாலை எழுந்தது. 1921-ம் ஆண்டு முதல் கார் விற்பனை ஆயிற்று. 5 வருடத்துக்கு உத்தரவாதம் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய துணிச்சல்.

பிரான்சு நாட்டில் லெ மான் என்று ஓர் ஊர். அங்கே 1923-ம் ஆண்டு ஒரு புதுமையான பந்தயம் தொடங்கியது. ஒரு நாள் மாலையில் புறப்பட்டு மறுநாள் மாலை வரை 24 மணி நேரம் காரை ஓட்டவேண்டும். இரண்டு டிரைவர்கள் மாறி மாறி ஓட்டுவார்கள். யார் அதிக தூரம் போகிறாரோ அவருக்கு வெற்றி.

இது பைத்தியக்காரத்தனம் என்று பென்ட்லி நினைத்தார். எந்தக் காரும் தாங்காது என்பது அவர் எண்ணம். ஆனால் அவருடைய காரை வாங்கிய ஒருவர் அதில் கலந்து கொண்டார். கடைசி நேரத்தில் மனம் கேளாமல் பென்ட்லியும் பார்க்கப் போனார். போன இடத்தில் ஒரு கூத்து நடந்தது. கல் தெறித்துப் பெட்ரோல் தொட்டியில் ஓட்டை விழுந்துவிட்டது. கார் நடுவழியில் நின்றது. டிரைவர் ஓட்டமாக ஓடி வந்து சேதி சொன்னார். இன்னொரு டிரைவர் பெட்ரோல் டின்னைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் போனார். ஓட்டையை அடைத்தார். காரை ஓட்டி வந்தார். அப்படியும் நான்காவது இடம் கிடைத்தது! அன்றோடு பென்ட்லியின் எண்ணம் மாறியது. அடுத்த ஆண்டு, 1924-ல், அதே கார் இனம் முதல் பரிசைத் தட்டிக்கொண்டு வந்தது.

1927-ம் ஆண்டுப் பந்தயத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பென்ட்லியின் மூன்று கார்கள் ஓடின. இருட்டும் நேரத்தில் ஒரு வளைவில் முதல் கார் பள்ளத்தில் பாய்ந்தது. பின்னால் வந்த இரண்டாவது காரும் அங்கே போய் மோதியது. மூன்றாவது காரை ஓட்டி வந்தவர் டேவிஸ் என்ற பத்திரிகையாளர். அவரும் பிரேக் போட்டும் முடியாமல் போய் மோதினார். மூன்றும் ஒரே குவியல்!

டேவிஸ் இறங்கிப் பார்த்தார். அதிர்ஷ்டவசமாக யாரும் சாகவில்லை. தன் காரை மட்டும் பின்னுக்கு இழுத்து வெளியே எடுத்தார். ஒரு விளக்கு போய்விட்டது. முன் அச்சு வளைந்துவிட்டது. அந்த நொண்டிக் காரை அவரும், பெஞ்சபீல்டு என்ற டாக்டரும் விடிய விடிய ஓட்டினார்கள். மறுநாள் மாலை அதுதான் முதலாவதாக வந்தது. லண்டனில் ஒரு பெரிய ஓட்டலில் விருந்து நடந்தது. அடிபட்ட கோலத்திலேயே அந்தக் காரையும் விருந்து மண்டபத்துக்குள் கொண்டு வந்து நிறுத்தினார்கள்!

1928, 1929, 1930 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பென்ட்லிதான் வென்றது. 1929-ல் முதல் நான்கு இடங்களும் பென்ட்லி கார்களுக்கே. அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் முதலாவதாக வந்தது ஒரே கார். அதற்குப் 'பழைய முதல் நம்பர்' என்று செல்லப்பெயர். கோர்ட்டு ஏறிய கார் இதுதான்.

வைர வியாபாரி மகன்

பரிசு குவிந்தது, பணம் குவியவில்லை. பென்ட்லி நல்ல என்ஜினீயர். ஆனால் செலவைப் பார்த்து வேலை செய்யத் தெரியாதவர். 1926-ம் ஆண்டே கம்பெனி ஆட்டம் கண்டது. அப்பொழுது கைகொடுத்தவர் பர்னாட்டோ. தென் ஆப்பிரிக்காவில் வைரத்தில் பெரும்பணம் சேர்த்தவரின் மகன். அவர் பணம் போட்டுக் கம்பெனியைத் தன் கைக்குக் கொண்டு வந்தார். தான் தொடங்கிய கம்பெனியில் பென்ட்லி அன்று முதல் சம்பளக்காரர்.

பர்னாட்டோ வெறும் பணக்காரர் அல்ல, சிறந்த டிரைவர். 1928 முதல் 1930 வரை மூன்று லெ மான் வெற்றிகளிலும் அவர்தான் காரோட்டிகளில் ஒருவர். 1930-ம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் ஒரு பந்தயம் கட்டினார். பிரான்சின் தென்கோடியில் இருந்து 'நீல ரெயில்' என்று ஒரு விரைவு ரெயில் புறப்படும். அது பிரான்சின் வடகரையில் உள்ள கலே துறைமுகத்தை அடைவதற்குள், தான் கடலையும் தாண்டி லண்டனுக்கே போய்விடுவதாகச் சொன்னார். போயும் விட்டார். நான்கு நிமிடம் மிச்சம்!

இந்த ஓட்டத்தில் போன கார் எது? ஓடுவதற்கு அழகாகச் சரிந்த முதுகுடன் ஒரு பென்ட்லி உண்டு. அதுதான் நீல ரெயிலை வென்ற கார் என்று பல ஆண்டுகள் சொன்னார்கள். ஓவியர்கூட அதைத்தான் ரெயிலுக்குப் பக்கத்தில் ஓடுவது போல் வரைந்தார். தேதியைப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. அந்த அழகுக் கார் பர்னாட்டோவின் கைக்கு வந்ததே பந்தயம் முடிந்து சில வாரங்களுக்குப் பிறகுதான்! உண்மையில் ரெயிலை வென்றது சாதாரணமாகக் காட்சி அளித்த இன்னொரு மூடு கார். கார் அசல், கதைதான் நகல்.

இந்தச் சமயத்தில் பென்ட்லிக்குப் பிடிக்காத காரியம் ஒன்றும் நடந்தது. பிர்கின் என்ற டிரைவர், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் ஊதும் கருவியைக் காரில் பொருத்தவேண்டும் என்றார். அதனால் வேகம் கூடும். பென்ட்லி ஒப்பவில்லை. வேகம் வேண்டுமானால் பெரிய என்ஜின் போடவேண்டுமே தவிர, சின்ன என்ஜினை ஊதி ஊதிக் கெடுக்கக்கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆனால் பர்னாட்டோ சம்மதித்துவிட்டார். முதலாளி சொன்னபின் என்ன செய்வது? 'புளோயர் பென்ட்லி' என்ற அந்தக் கார்கள் விற்பனைக்காக 50 செய்யப்பட்டன. லெ மான் பந்தயத்தில் அது ஒரு தடவைகூட வெல்லவில்லை.

முத்திரை வைத்த உறை

1929-ம் ஆண்டு அமெரிக்காவில் பங்கு மார்க்கெட் சரிந்தது. உலகமே பணமுடையில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான் பென்ட்லி தன் மிகப்பெரிய காரை, 8 லிட்டர் காரை வெளியிட்டார். நூறு கார்கள் செய்ததோடு நின்றது. 1931-ம் ஆண்டு, இனிப் பணம் போட முடியாது என்று பர்னாட்டோ கையை விரித்தார். கம்பெனி ரிசீவர் கைக்குப் போயிற்று.

நேப்பியர் என்ற கம்பெனி வாங்க முன்வந்தது. பென்ட்லிக்கு மகிழ்ச்சி. பேரம் ஏறக்குறைய முடிந்தது. நேப்பியருக்காகப் புதிய காரின் வரைபடம்கூடப் போடத் தொடங்கிவிட்டார். ஆனால் கோர்ட்டில் கடைசி நேரத்தில், யாரும் கேள்விப்படாத ஒரு நிதி நிறுவனம் கூடுதல் விலை கொடுக்க வந்தது. இரண்டு பேரும் தொகையை எழுதி உறையில் போட்டுக் கொடுக்கும்படி கோர்ட்டு சொன்னது. உறையைப் பிரித்தார்கள். சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் பவுனுக்குப் பென்ட்லி கம்பெனி அந்த நிறுவனத்துக்குப் போய்விட்டது.

யார் இவர்கள்? பென்ட்லிக்குத் தெரியாது. சில நாள் கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. திரைக்குப் பின்னால் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ்!

எந்தக் கம்பெனிக்கு அலுமினிய ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தாரோ, அதே கம்பெனி. அவர்கள் வாங்கியது கட்டடத்தையும் இயந்திரத்தையும் மட்டும் அல்ல. பென்ட்லி என்ற பெயரையும் வாங்கினார்கள். ஒப்பந்தம் இருந்ததால் பென்ட்லி என்ற மனிதரும் அதோடு சேர்ந்து போனார். அவர் ஓட்டிக்கொண்டிருந்த காரைக்கூட வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். அதே ஆண்டில் அவருடைய இரண்டாவது திருமணமும் விவாகரத்தில் முடிந்தது.

1933-ம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் ஒரு புதிய பென்ட்லி காரை வெளியிட்டது. சத்தமே இல்லாத அழகான கார். பென்ட்லியே அதைப் பாராட்டினார். ஆனால் அதில் அவருடைய கைவண்ணம் இல்லை. ரோல்ஸ் ராய்ஸ் என்ஜினைத் திருத்திப் போட்டு, முன்னால் பென்ட்லி வில்லையைப் பொருத்தியிருந்தார்கள். காரை வடிவமைக்கும் வேலையை அவருக்குக் கொடுக்கவில்லை. ஓட்டிப் பார்த்து அபிப்பிராயம் சொல்வதோடு சரி.

1935-ல் ஒப்பந்தம் முடிந்தது. மறு நிமிடமே லகோண்டா என்ற கம்பெனிக்குப் போனார். அங்கே 12 சிலிண்டர் என்ஜினை உருவாக்கினார். 1939-ம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் அந்தக் கார்கள் மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்தன. போருக்குப் பிறகு 6 சிலிண்டர் என்ஜின் ஒன்றை உருவாக்கினார். அந்தக் காருக்கு லகோண்டா-பென்ட்லி என்று பெயர் வைக்கப் போனார்கள். ரோல்ஸ் ராய்ஸ் வழக்குப் போட்டது. பெயரை எடுக்க வேண்டியதாயிற்று.

1947-ல் டேவிட் பிரவுன் என்ற முதலாளி லகோண்டாவை வாங்கினார். அவர் கண் வைத்தது அந்த என்ஜின் மீதுதான். அதை ஆஸ்டன் மார்ட்டின் காரில் பொருத்தினார். அது பெயரும் புகழும் பெற்றது. ஆக, பென்ட்லி என்ற பெயர் தாங்கிய காரில் பென்ட்லியின் என்ஜின் இல்லை. பென்ட்லியின் என்ஜின் இருந்த காரில் அவருடைய பெயர் இல்லை!

1971-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, 82-வது வயதில் பென்ட்லி காலமானார். 1934-ல் மணந்த மூன்றாவது மனைவி கடைசி வரை துணையாக இருந்தார். குழந்தைகள் இல்லை. பழைய பென்ட்லி கார்களை வைத்திருப்பவர்கள் 1936-லேயே ஒரு சங்கம் அமைத்து, அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். அந்த மரியாதை அவருக்குக் கிடைத்தது.

அசலுக்கு அடையாளம்

பத்து ஆண்டுகளில் கிரிக்கிள்வுட்டில் இருந்து வெளிவந்த கார்கள் சுமார் 3 ஆயிரம். அந்தக் கார்களில் எது அசல் என்று எப்படிச் சொல்வது?

நம் ஊரில் லாரி வாங்குகிறவர் சேசிஸ் என்ற அடிச்சட்டத்தையும் என்ஜினையும் வாங்கி, வேறு இடத்தில் பாடி கட்டுகிறார் அல்லவா? அந்தக் காலத்துப் பென்ட்லியும் அப்படித்தான். தொழிற்சாலை சேசிசைக் கொடுக்கும். வாங்கியவர் தனக்குப் பிடித்த பட்டறையில் பாடி கட்டிக் கொள்வார். பாடி பெரும்பாலும் மரச்சட்டம். மழையிலும் ஈரத்திலும் இற்றுப் போகும். ஆகவே பாடியைப் பார்த்து ஏமாறக்கூடாது.

வில்லையைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. சாதாரண 3 லிட்டர் காருக்கு நீல வில்லை, வேகமான காருக்குச் சிவப்பு வில்லை, மணிக்கு 100 மைல் போகும் என்று உத்தரவாதம் கொடுத்த காருக்குப் பச்சை வில்லை. வில்லையை மாற்ற எத்தனை நேரம் ஆகும்? சேசிசில் அடித்த எண், என்ஜினில் அடித்த எண், பதிவு எண் ஆகிய மூன்றும் பழைய தொழிற்சாலைக் கணக்கோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார்கள். 5 வருட உத்தரவாதம் கொடுத்ததால், ஒவ்வொரு காருக்கும் எப்பொழுது என்ன பழுது பார்த்தார்கள் என்று தொழிற்சாலையில் எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்கு இன்று தங்கத்துக்குச் சமம்.

ஆனாலும் சிக்கல் தீராது. குடும்பத்தோடு போக ஏற்ற மூடு பாடிக் காருக்கு மதிப்புக் குறைவு. பந்தயக் கார் போன்ற திறந்த பாடிக்குத்தான் கிராக்கி. ஆகவே பல பழைய மூடு கார்களின் பாடியைக் கழற்றி எறிந்தார்கள். நீளமான சேசிசை வெட்டிக் குட்டையாக்கினார்கள். பச்சை வண்ணம் அடித்து, லெ மான் கார் போல ஆக்கினார்கள். எண் எல்லாம் சரியாக இருக்கும். இரும்பு எல்லாம் அசல். ஆனால் அந்தக் கார் பந்தயத் திடலையே பார்த்திருக்காது! என்னைக் கேட்டால், ஒரு குடும்பத்தைச் சுமந்து ஐம்பது வருடம் நேர்மையாக ஓடிய மூடு காரை அப்படி வெட்டியது பாவம்.

போருக்குப் பின் ரோல்ஸ் ராய்ஸ் செய்த பென்ட்லி சேசிசை எடுத்து, அதன்மேல் பழைய காலத்துப் பாடி கட்டுகிறவர்களும் உண்டு. பத்திரப்படி அதுவும் பென்ட்லிதான். விற்கிறவர் உண்மையைச் சொல்லி விற்றால் அதில் தவறு கிடையாது. சொல்லாமல் விற்றால்தான் அது மோசடி.

ஒரு கோடி பவுன் வழக்கு

இனி 'பழைய முதல் நம்பர்' காருக்கு வருவோம். 1929, 1930 வெற்றிகளுக்குப் பிறகும் அது சும்மா இருக்கவில்லை. 1931-ல் லண்டன் அருகே உள்ள புரூக்லண்ட்ஸ் திடலில் 500 மைல் பந்தயத்தில் மணிக்குச் சராசரி 118 மைல் வேகத்தில் ஓடி வென்றது. ஒவ்வொரு பந்தயத்துக்கும் எது தேய்ந்ததோ அதைக் கழற்றிப் புதியதைப் போட்டார்கள். 1932-ல் 8 லிட்டர் என்ஜினைப் பொருத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் அதே திடலில் கார் கரை ஏறிக் கவிழ்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்பி என்ற வாலிபர் உயிர் இழந்தார். நொறுங்கிய காரை மறுபடியும் கட்டினார்கள்.

1990-ம் ஆண்டு அதன் சொந்தக்காரர் அதை 1 கோடி பவுன் மதிப்புக்கு விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க வந்த கம்பெனி பின்வாங்கியது. இது லெ மானில் வென்ற கார் அல்ல என்றது. சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார்.

நிபுணர்கள் வந்து ஒவ்வொரு திருகாணியாக ஆராய்ந்தார்கள். 1929-ல் ஓடிய காரில் இருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது எதுவும் மிச்சம் இல்லை என்று தெரிந்தது. 1930-ம் ஆண்டுக் காரில் இருந்து பெடல் தண்டு, கியர் பெட்டியின் கூடு, ஸ்டீயரிங் தண்டு போன்ற ஒரு சிலவே மிஞ்சின. அப்படியானால் வழக்கு தோற்றதா?

தோற்கவில்லை! நீதிபதி ஆட்டன் இப்படி ஆராய்ந்தார். 1929-ல் வெளிவந்த அதே பாகங்களோடு இருந்தால்தான் கார் என்றால், எந்தப் பந்தயக் காரும் தேறாது. ஓட ஓடப் பாகம் மாறுவது அதன் இயல்பு. வேறு வேறு கார்களின் பாகங்களைத் திரட்டிப் பிற்காலத்தில் புதிதாகக் கட்டியிருந்தால் அது மறுபிறவி. ஆனால் இந்தக் கார் ஒரு நாளும் இல்லாமல் போனதே இல்லை. ஒரு பாகம் போகும்போது மற்றப் பாகங்கள் இருந்தன. 1929-ல் இருந்து கயிறு அறாமல் வந்திருக்கிறது. ஆகவே இந்தக் காரைப் 'பழைய முதல் நம்பர்' என்று அழைக்க எல்லா உரிமையும் உண்டு என்று தீர்ப்பு அளித்தார். வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஊர்த் தேருக்குச் சக்கரம் மாற்றுகிறோம். இற்ற பலகையை எடுத்துப் புதுப் பலகை அடிக்கிறோம். அதைப் புதுத் தேர் என்று யாரும் சொல்வது இல்லை. அதே நியாயம்தான். என்றாலும், கார் ஆர்வலர்கள் எல்லாரும் அந்தத் தீர்ப்பை ஏற்றுக் கொள்ளவில்லை. இன்றும் அதைப் பற்றி வாதாடுகிறார்கள்.

பென்ட்லி என்ற பெயர் அதன்பிறகும் கை மாறியது. 1998-ம் ஆண்டு ஜெர்மனியின் வோல்க்ஸ்வேகன் அதை வாங்கியது. 2019-ம் ஆண்டு அந்தக் கம்பெனி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழைய பந்தயக் கார் ஒன்றைப் பாகம் பாகமாகப் பிரித்து, லேசர் ஒளியால் அளவு எடுத்து, அதைப் போலவே 12 புதிய கார்களைச் செய்வதாகக் கூறியது. 2020-ம் ஆண்டு இறுதியில் மாதிரிக் கார் தயார் ஆயிற்று. அச்சு அசல் அதே உருவம், அதே அளவு. நகல் என்றால் கம்பெனிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பழைய வரிசையின் தொடர்ச்சி என்கிறார்கள். நடுவில் 90 ஆண்டு இடைவெளி இருப்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை.

அந்த 12 கார்களுக்கும் முன்னால் பென்ட்லி வில்லை உண்டு. சட்டப்படி அந்தப் பெயரை வைக்க அவர்களுக்குப் பூரண உரிமை உண்டு. அவர்கள் தேர்ந்தெடுத்தது எந்தக் காரைத் தெரியுமா? காற்று ஊதும் கருவி பொருத்திய புளோயர் பென்ட்லி. எந்தக் காரைச் செய்யவேண்டாம் என்று டபிள்யூ. ஓ. தலையால் அடித்துக் கொண்டாரோ, அதே கார்!